இரண்டரை லட்சம் டாலர் என்பது விற்பனையா, லாபமா?

2008 அமெரிக்கத் தேர்தலில் ஒபாமா சொன்ன வரித் திட்டப்படி, ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் விற்பனை செய்யும் சிறு கடைக்காரர் எல்லாருக்கும் வரி கூடியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லைங்க. அந்த எல்லை விற்பனைக்கு இல்லை. சரக்கு, சம்பளம், வாடகை எல்லாம் போக உரிமையாளரின் தனிநபர் வருமானமாக வந்து சேரும் தொகைக்கு, அதுவும் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால். நான்கு லட்சத்துக்கு விற்று மூன்று லட்சம் செலவழிக்கும் ஒரு பிளம்பிங் கடைக்காரருக்கு, வேறு பெரிய வருமானம் இல்லாதவரை, இதனால் ஒரு டாலர்கூட வரி கூடியிருக்காது. சரி, வரிக்குரிய வருமானமே 2,60,000 என்றால்? எல்லைக்கு மேலே உள்ள 10,000க்கு மட்டும் வரி 33 சதவீதத்திலிருந்து 36 ஆகியிருக்கும், அதாவது 300 டாலர் கூடுதல். கடை நடத்துகிறவர்களை அந்தத் தவறான பேச்சு வீணாகப் பயமுறுத்துகிறது என்பதால்தான் சொல்கிறேன்.

நீங்களே பார்க்கலாம். அமெரிக்க வருமானவரித் துறை தளத்தில் தனி உரிமையாளர்களுக்கான 'ஷெட்யூல் சி' படிவத்தை எடுங்கள். 1ஆம் வரியில் மொத்த வரவு, 31ஆம் வரியில் நிகர லாபம். அப்புறம் தனிநபர் வருமானவரிக் கணக்கான 1040 படிவத்துக்குப் போவது அந்த 31ஆம் வரிதான்.