புகைக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் வழி வேண்டும்

நுவரெலியா வீடுகளில் விறகு எரித்து அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்பைப் பொருத்துவது பற்றி நான் வாசித்த கட்டுரை ஒன்று, அடுப்பின் அடித்தளத்தையும் சுவரிலிருந்து விடவேண்டிய இடைவெளியையும் தெளிவாக விளக்குகிறது; ஆனால் காற்று உள்ளே வரும் வழியை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது. கொழும்பில் குளிர்காய அடுப்புத் தேவையில்லை என்றாலும், 2022இல் எரிவாயு கிடைக்காமல் தொடர்மாடிக் குசினிகளுக்குள்ளும் விறகும் கரியும் எரிந்ததைக் கண்டவர்கள் என்ற வகையில் இது எங்களுக்கும் உரிய விடயமே.

இறுகச் சாத்திய அறையில் எரியும் நெருப்புக்கு ஒட்சிசன் போதாதபோது காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு பெருகுகிறது. நிறமோ மணமோ இல்லாத அவ்வாயு, குருதியில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் சேர்வதால், உறங்குபவர் விழிக்காமலே உயிரிழக்கக்கூடும். குசினியில் காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓடினால், அது புகைபோக்கியின் இழுவையைத் திருப்பிப் புகையை அறைக்குள்ளேயே கொண்டுவரலாம். ஆகவே அடுப்பை மூட்டுமுன், விசிறியைப் போட்டுவிட்டு, ஊதுபத்தி ஒன்றை அடுப்பு வாயருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடாமல் முகத்தை நோக்கித் திரும்பினால், காரணம் தெரியும்வரை தீ மூட்டவேண்டாம்.

ஈரவிறகு எரித்தால் புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போன்ற படிவு சேர்ந்து, பின்னர் அதுவே தீப்பற்றும் என்பதால், வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைத் துப்புரவாக்கவேண்டும். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியை அடுப்புள்ள அறையில் எங்கே பொருத்துவது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்தால் பேருதவியாக இருக்கும்.