சொந்தக் கொல்லையில் கிடைத்தால் எல்லாம் நமக்கா?

‘சொந்தக் கொல்லையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டினால் கிடைப்பதெல்லாம் நமக்கே, யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, கிடைத்ததன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தோண்டியவர் வேறொருவர் என்றால், உடந்தையான நிலத்துக்காரருக்கும் தண்டனை உண்டு. சரி, முறையாகச் சொன்னால்? புதையலுக்கு உரியவர் யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தமும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு.

அப்புறம், ‘பீப் அடித்தால் தங்கம்’ என்பதும் பொய். நம் கரையின் உப்பேறிய ஈர மண்ணே கருவியைக் கத்த வைக்கும். துருப்பிடித்த ஆணியும் அப்படித்தான்.

அழகன்குளத்தில் ரோமானியக் காசுகள் கிடைத்த கரை இது. எந்த மண் அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதில்தான் ஒரு காசின் வரலாறு இருக்கிறது. அவசர மண்வெட்டி அதை அழித்துவிடும். ஏதாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.