எல்லாம் கோழிதானாம்!

நேற்று என் பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. என் சில்க்கி இனக் கோழியைப் பருந்து தூக்கியதையும், இந்த இனத்தை மேய்ச்சலுக்குத் திறந்து விடாதீர்கள் என்றும் எழுதினேன். வந்த பதில்: "கோழி எல்லாம் ஒண்ணுதான், வளர்க்கத் தெரியாதவன்தான் இனத்தைக் குறை சொல்வான்." அதற்கு விழுந்த லைக்குகளை எண்ணிப் பார்த்தேன். சரி, சந்தோஷம்.

ஒன்றுதானா? காலையில் கூட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஒவ்வொரு இனமாகப் பாருங்கள். வெள்ளை லெகார்ன் முதல் ஆளாகப் பாய்ந்து வேலி ஓரம் போயிருக்கும். இலை அசைந்தாலே எகிறும். கையில் சிக்காது, கொஞ்சவும் விடாது. ஆனால் சாயங்காலம் எண்ணினால் தலைக்கணக்கு சரியாக இருக்கும். பிரம்மாவோ தீவனத் தட்டை விட்டு நகராது. காலெல்லாம் இறகு, நாலு கிலோ உடம்பு, அது எங்கே ஓடி ஒளிய? ரோட் ஐலண்ட் ரெட் நன்றாக மேயும், தட்டுக்கு வந்தால் ரவுடி. அசில் மனிதரிடம் பரம சாது. இரண்டு அசில் சேவலை ஒன்றாகத் திறந்துவிட்டுப் பாருங்கள், அப்புறம் ஒன்றுதான் என்று சொல்லுங்கள்.

"குஞ்சிலிருந்து கையில் வளர்த்தால் எதுவும் பழகும்" என்பீர்கள். பழகும், மறுக்கவில்லை. நம்மைக் கண்டு பயப்படுவது குறையும். சில்க்கியின் கண்ணை மறைக்கும் இறகுக் கொண்டையும் குறையுமா? அதன் இறகு பஞ்சு மாதிரி, இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளாது. அதனால் பறக்க வராது. மழையில் நனைந்தால் துணி மாதிரித் தொங்கும். இதுவும் என் வளர்ப்பின் கோளாறுதானா, ஐயா?

அன்றைக்கு நடந்தது இதுதான். நாட்டு இனமான சிறுவிடைத் தாய்க்கோழி இழுத்து ஒரு குரல் கொடுத்தது. கீரி வந்தால் விட்டு விட்டுக் கொக்கரிக்கும். இது வேறு, மேலிருந்து ஆபத்து வரும்போது போடும் குரல். அதன் குஞ்சுகள் செடிக்கடியில் மாயமாகிவிட்டன. லெகார்ன்கள் ஏற்கெனவே மரத்தடியில். என் சில்க்கி மட்டும் நடுவெளியில் நின்று, கொண்டைக்கடியிலிருந்து மேலே பார்க்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்து முயன்றது. நான் ஓடி வருவதற்குள் புல்லில் கொஞ்சம் பஞ்சுதான் கிடந்தது.

"கொண்டையைக் கத்தரித்திருக்கலாமே?" கத்தரித்திருக்கலாம். "வலைக்குள் விட்டிருக்கலாமே?" அதைத்தானே மூன்று நாளாகச் சொல்கிறேன்! இந்த இனத்தைத் திறந்து விடாதீர்கள், இதன் குணம் மேய்ச்சலுக்கு ஆகாது என்று. மற்றவை வெளியே போகும்போது அது கம்பி ஓரம் வந்து நிற்கும். பாவமாக இருந்தது, திறந்தேன். என் தப்பு அதுதான். அதை நானே எழுதியிருந்தேனே, முழுதாகப் படித்தவர் எத்தனை பேர்?

மிச்சமிருக்கும் இரண்டு சில்க்கியும் இப்போது வலைக்குள். இன்றும் கம்பி ஓரம்தான் நிற்கின்றன. லெகார்ன் கூரைமேல். வளர்க்கத் தெரிந்தவர்கள் வந்து இறக்கித் தரலாம்.