டிவி பார்க்க டிக்கெட் எதுக்கு?

"அதுவும் திரைதானே, இதுவும் திரைதானே. பாட்டு கேக்கத்தானே வந்தீங்க?"

கணினிக் குரல்ல பாடுற ஜப்பான் கற்பனைப் பாடகி ஹட்சுனே மிக்குவோட கச்சேரியில, பழைய கண்ணாடி மாதிரித் திரைக்குப் பதிலா ஏன் எல்இடி பலகைன்னு கேட்டா, இன்னைக்கும் ஒரு மகான் இதையே சொல்லிட்டுப் போயிருக்கார். போதும்டா சாமி.

மிக்கு ஹோலோகிராம், அதாவது காத்துல நிக்கிற முப்பரிமாண ஒளி உருவம், இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதா? 2010 மார்ச் 9 டோக்கியோ கச்சேரியில இருந்தே அந்த வித்தை ஊரறிஞ்சது. ஒளி ஊடுருவுற பலகை, அது மேல மெல்லிசா ஒரு படலம், பின்னாடி இருந்து புரொஜெக்டர். வீடியோவுல ஆளைத் தவிர மிச்சமெல்லாம் கறுப்பு. புரொஜெக்டரைப் பொறுத்தவரை கறுப்புன்னா வெளிச்சமே இல்லை. வெளிச்சம் விழாத இடத்துல பலகை இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது. 158 செ.மீ. பொண்ணு ஒருத்தி வெறும் மேடையில வந்து நிக்கிற மாதிரி இருக்கும். அந்த மாதிரிக்குத்தான்யா காசு!

2024 ஏப்ரல்ல வட அமெரிக்காவுல நடந்த 'மிக்கு எக்ஸ்போ' கச்சேரிச் சுற்றுல என்ன வச்சாங்க? எல்இடி பலகை. மேடை நடுவுல கன்னங்கரேல்னு ஒரு செவ்வகம். அதுக்குள்ள மிக்கு. அதாவது டிவி. பெரிய டிவி, ஒத்துக்கறேன்.

காலை மட்டும் கவனிங்க. பழைய முறையில ஷூ மேடைத் தரையைத் தொடும், குதிச்சு இறங்கினா தரையே அதிர்ற மாதிரி ஒரு பிரமை. எல்இடியில ஷூ தொடறது பெட்டியோட கீழ்ச் சட்டத்தை. சடையை வீசினா அதுவும் சட்டத்துக்குள்ளயே திரும்பணும். மேடை விளக்கு பட்டா அந்தக் கறுப்பும் சாம்பலாயிடும். போன்ல வீடியோ எடுத்தா அலை அலையா கோடு. அதே மாசம் அமெரிக்காவோட கோச்செல்லா இசை விழாவுலயும் இதே கூத்து.

ஏன் மாத்தினாங்கன்னு ஊகிக்கறதும் கஷ்டமில்லை. புரொஜெக்டருக்குப் பலகைக்குப் பின்னாடி நிறைய இடம் வேணும், எல்லா அரங்கத்துலயும் அது கிடைக்காது. முன்பக்க விளக்கு பலகையில விழுந்தா உருவம் வெளிறிப் போகும். எல்இடின்னா துண்டு துண்டா லாரியில ஏத்தி, கோத்து, மாட்டி, முடிஞ்சது வேலை. சரி, சிக்கனம் பண்ணுங்க, யார் வேண்டாங்கறா? டிக்கெட் விக்கறதுக்கு முன்னாடி "இந்த வாட்டி எல்இடி"ன்னு ஒரு வரி பளிச்சுனு போட்டா விரலா தேஞ்சிடும்?

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மிக்குவை வளர்த்தது யாரு? 2007 ஆகஸ்ட் 31 அன்னைக்குக் கடைக்கு வந்தது மெட்டும் வரியும் குடுத்தா பாடுற ஒரு மென்பொருள், அட்டையில ஒரு படம். அவ்வளவுதான். மெட்டுப் போட்டது, படம் வரைஞ்சது, முப்பரிமாண உருவம் செஞ்சு ஆட வச்சது எல்லாம் ராத்திரி முழிச்ச ரசிகக் கூட்டம். லாப நோக்கம் இல்லாம பண்ணிக்கோங்கன்னு கம்பெனிக்காரங்க உரிமத்துலயே எழுதிக் குடுத்தாங்க, பண்ணினோம். 2021 இணையக் கச்சேரிக்குக் கிக்ஸ்டார்ட்டர்ங்கற நிதி திரட்டுற தளத்துல உண்டியல் வச்சாங்க, அதுலயும் போட்டோம். உழைக்கும்போது நாம படைப்பாளி, உண்டியலுக்கு முன்னாடி நாம குடும்பம். திரை எதுன்னு கேட்டா மட்டும் திடீர்னு "பாட்டு கேக்க வந்தவங்க" ஆயிடறோம்.

கேள்வி கேட்டா நன்றி கெட்டவங்களாம். நன்றியை யாரு யாருக்குச் சொல்லணும்?

சரி, விடுங்க, கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எப்படியும் அடுத்த சுற்றுக்கும் டிக்கெட் வாங்கத்தான் போறோம், இது அவங்களுக்கும் தெரியும்.

ஆனா கச்சேரியில நாங்க ஆட்டற இந்த ஒளிக்குச்சி செய்யற புண்ணியவான்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பதினஞ்சு நிறத்துக்கு ஒத்தைப் பொத்தானா? மிக்குவோட மயில்கழுத்து நிறத்துக்காக அமுக்கி அமுக்கி, பதட்டத்துல ஒரு அமுக்கு கூடப் போனா மறுபடி பதினாலு தடவை அமுக்கணும். அதுக்குள்ள பல்லவி முடிஞ்சிடுது. பின்னாடி போக ஒரு பொத்தான் வைங்கய்யா!