திமிர் மட்டும்தான் காரணமா?

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் மகளான பேரரசி மட்டில்டா, 1141-இல் கைக்கு எட்டிய இங்கிலாந்து மகுடத்தைத் தன் திமிரால் இழந்தார் என்று உங்கள் கட்டுரை முடித்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

லண்டன்வாசிகளிடம் அவர் கறாராகப் பணம் கேட்டது உண்மை. ஆனால் அதே வாரங்களில் தேம்ஸின் தென்கரையைச் சூறையாடி அவர்களை மிரட்டியது, அவருக்குப் போட்டியாக முடிசூடி, அப்போது சிறையில் இருந்த ஸ்டீபனின் மனைவியுடைய படை. அந்த மனைவியின் பெயரும் மட்டில்டாதான், பூலோன் சீமாட்டி. பேரரசிக்கு ஒரே தந்தை, வேறு தாய் வழியில் சகோதரரான ராபர்ட் அந்த செப்டம்பரில் வின்செஸ்டரில் பிடிபட்டபோது, அவரைக் கொடுத்துக் கணவரை மீட்டவர் இவர்தான். இப்படிப்பட்ட பெண்ணைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

சிக்கலின் வேர் 1128-இல் நடந்த பேரரசியின் கல்யாணம். வெள்ளைக் கப்பல் விபத்தில் மகனைப் பறிகொடுத்த முதலாம் ஹென்றி, மகளே வாரிசு என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். சரி, அப்புறம் அவளைக் கட்டிக்கொடுத்தது யாருக்கு? நார்மன் பிரபுக்களுக்கு ஆகவே ஆகாத, பிரான்ஸின் ஆன்ஜூ பகுதியை ஆண்ட வம்சத்துப் பையனுக்கு. மணமகளுக்கு 26 வயது, மணமகன் ஜெஃப்ரிக்கு இன்னும் 15 நிறையவில்லை. 1135 டிசம்பர் 1-இல் ஹென்றி கண்ணை மூடியபோது மகள் ஆன்ஜூ பக்கம் இருந்தார். சத்தியம் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீபன் கடலைத் தாண்டி வந்து, டிசம்பர் 22-இல் முடிசூடிவிட்டார். இந்த மூன்று வாரத்தைப் பேசாமல் பேரரசியின் குணத்தைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

அடுத்த பகுதியில் பூலோன் மட்டில்டாவைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.