எழுதினவர்கள் நிரூபிக்கட்டும்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். பார்த்துவிட்டேன். "ஒழுங்கா கடன் கட்டினவனுக்கு சிபில் ஏங்க கெடப்போகுது?" என்று கேட்டுவிட்டு அந்த நிதி ஆலோசகர் ஒரு சிரிப்பு சிரிக்கிறார் பாருங்கள், அதுதான் நேற்றிலிருந்து உறுத்துகிறது.

கெடும் சார், சிபில் என்கிற அந்தக் கடன் மதிப்பெண். கட்டினவனுக்கும் கெடும், கடனே வாங்காதவனுக்கும் கெடும்.

எனக்குக் கெட்டது. வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில் மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் பான் எண்ணில் ஒரு தனிநபர் கடன். பெயரும் பிறந்த தேதியும் என்னுடையவை. முகவரியும் போன் நம்பரும் யாருடையதோ. மாதவாரிக் கட்டங்களில் தாமத நாட்கள் 30, 60, 90 என்று ஏறி, கடைசியில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது இனி வராது என்று வங்கி எழுதித் தள்ளிய கடன். "இது நான் வாங்கினதே இல்லை சார்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்" என்றார்.

சரி, இந்தப் பதிவு தவறு என்று டிஸ்ப்யூட் போட்டேன். யார் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனம் தானாக ஒரு எழுத்தையும் மாற்றாது. புகாரை அந்தக் கடனைப் பதிந்த வங்கிக்கே அனுப்பும். வங்கி "எங்கள் பதிவு சரி" என்றால் கதை முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி! கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். இன்றுவரை ஒரு தாள் வரவில்லை. எழுதினது அவர்கள், நிரூபிக்க வேண்டியது மட்டும் நானா?

"ரிசர்வ் வங்கி விதி இருக்கிறதே" என்று இப்போதே ஒருவர் டைப் பண்ணிக்கொண்டிருப்பார். இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதிதான். ஆனால் அது தாமதத்துக்கு. 'சரிபார்த்தோம், பதிவு சரியே' என்று கெடுவுக்குள் ஒற்றை வரி அனுப்பிவிட்டால்?

"ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை எடுத்துப் பார்த்திருக்கலாமே?" நான்கு கடன் தகவல் நிறுவனங்கள், நான்கு அறிக்கைகள். என் பெயரில் யார் எதைக் கிறுக்கி வைத்தார்கள் என்று நான் காவல் இருக்க வேண்டும். அருமை.

வாங்கிவிட்டு 'வாங்கவில்லை' என்று சாதிப்பவர்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்காகத்தான் ஒப்பந்தம், கையெழுத்து, கேஒய்சி என்கிற அடையாள ஆவணங்கள் எல்லாம் வாங்கி வைக்கிறார்கள். எடுத்துக் காட்ட வேண்டியதுதானே?

இதில் மாமா வேறு. "ஏதோ கொஞ்சம் கட்டி செட்டில் பண்ணிட்டு வேலையப் பாருப்பா." நல்ல மனசுதான். ஆனால் குறைத்துக் கட்டினால் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வராது மாமா, 'செட்டில்டு' என்று வரும், அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தது. அடுத்த வங்கிக்காரர் அதைப் பார்த்தும் முகம் சுளிப்பார். அதைவிட, கட்டினால் வாங்கினேன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? வசூல் ஏஜென்ட் ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் "உங்க சார் கடனை எப்போ கட்டுவாரு" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண் என்னிடம் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு எந்த விதியில் நாளுக்கு எத்தனை ரூபாய்?

வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுத்திருக்கிறேன். அப்புறம், இன்பாக்ஸில் வந்து "மொத்தம் எவ்வளவு பாக்கி ப்ரோ?" என்று கேட்கும் நண்பர்களே, அதை வாங்கினவனிடம் கேளுங்கள்.