ஆபீஸில் நெட் பார்ப்பவர்கள் எல்லாம் சோம்பேறிகளா?

"வேலை நேரத்தில் நெட்டில் மேய்பவர்கள் பிறவிச் சோம்பேறிகள், கண்காணிப்பு மென்பொருள் போட்டால் திருந்திவிடுவார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவது வேறு: நிர்வாகம் தங்களை நியாயமாக நடத்தவில்லை என்று உணரும் ஊழியர்கள், "உழைத்ததற்கு இது சரிக்குச் சரி" என்று கணக்குப் போட்டு இணையத்தில் நேரத்தைக் கழிக்கிறார்கள்.

பத்துப் பேர் முன்னால் மேலாளர் ஒரு ஊழியரிடம் கத்திவிட்டுப் போகிறார். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும். கை தானாக அடுத்த டேபைத் திறக்கிறது. படபடப்பு அடங்கும்வரை ஏதோ செய்தி, வானிலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைச் சோம்பல் என்பது அநியாயம். சலிப்பால் மேய்பவர்களும் உண்டு, சரி. ஆனால் மென்பொருள் போட்டால் மேலாளர் கத்துவது நிற்குமா?

அப்புறம், இன்காக்னிட்டோவில் (பார்த்த தளங்களை பிரவுசர் சேமித்து வைக்காத முறையில்) பார்த்தால் ஆபீஸுக்குத் தெரியாது என்பதும் பொய். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை அலுவலக நெட்வொர்க்கில் பார்க்க முடியும்.